நோம்பி இல்லாத வீட்டுக்கு வந்த போலந்துப் பெண்

சண்டைக்கு முதல் ஆளாகவும் சமாதானத்துக்குக் கடைசி ஆளாகவும் வந்த என் அருமை அப்பாவுக்கு,

பூங்கொடி எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. போன இடத்திலும் யாரையாவது பிடித்து உட்காரவைத்து லாரிக் கதை சொல்லிக்கொண்டிருப்பீர்கள், தெரியும். கேட்கிறவர் பாடுதான் திண்டாட்டம். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறோம்.

முதலில் ஒரு பஞ்சாயத்து. அந்தப் பாரத்தில் என்னதான் எழுதிவைத்தீர்கள்? வெளிநாட்டுப் பிள்ளைகளை ஆறு மாதம் நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் தங்கவைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்ல, எனக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் பாரம் வாங்கி நிரப்பி அனுப்பிவிட்டீர்கள். அதன் நகல் என் கைக்கு வந்தபோது நீங்கள் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு வீடு இரண்டுபட்டிருக்கும்.

‘வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் உண்டா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘என் மகள் சரளமாகப் பேசுவாள்.’ ‘மகளின் குணம்?’ ‘மிகுந்த பொறுமைசாலி.’ சாமி சத்தியமாகக் கேட்கிறேன், எழுதும்போது கை நடுங்கவில்லையா? நாற்பது வயதாகிவிட்ட இவளைக் கட்டிக்கொடுத்தால் நாலாம் நாள் சண்டை போட்டுத் திரும்பி வந்துவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் நீங்கள்தானே? ‘கொண்டாடும் பண்டிகைகள்?’ என்ற இடத்தில் கட்டம் போதாமல் ஓரத்தில் வளைத்து வளைத்து எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் மூன்று நாளும் எங்கள் வீட்டில் அமர்க்களப்படும், வந்து பார்க்க வேண்டும் என்று.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அசாம் பக்கம் வெள்ளத்தில் லாரி மாட்டிக்கொண்டபோது, பேச்சே புரியாத ஒரு வீட்டில் இருபது நாள் உட்காரவைத்துச் சோறு போட்டார்களே, அதுதான். “பேரு தெரியாத ஊட்ல தின்னவன் நானு. நம்ம ஊட்லயும் ஒருத்தராச்சும் திங்கோணும்” என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். அந்த ஒருத்தர் வருவதற்குள் உங்களுக்கு என்ன அவசரம்? புரட்டாசியில் ஒரு காலை டீ கேட்டீர்கள். நான் டம்ளரோடு வருவதற்குள் போய்விட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அதன் பிறகு அம்மா அம்மாவாக இல்லை. நடுவீட்டில் பாயைப் போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேச்சு கிடையாது. டிவி பக்கம் திரும்புவது கிடையாது. நான் கத்தினால் இரண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனாள். உங்களுக்கு அடுத்து இவளும் போய்விடுவாளோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் ஒரு போன். அமைப்பின் சார்பில் நம் மலை ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் நசீமா. அடிவாரத்து ஊரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண்.

“ஏனுங்க, கந்தசாமி ஐயா ஊடுங்களா? போலந்துல இருந்து ஒரு பொண்ணு வருதுங்க. கார்த்திகையில உங்க ஊட்டுக்கு அனுப்பறோம். ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க.”

எந்த ஐயாவிடம் சொல்வது? விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறிப்போனார். “அல்லாவே! தெரியாமப் போச்சுங்களே. நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க, நான் வேற ஊடு பாத்துக்கறேன்” என்றார். சரிங்க என்று சொல்ல நான் வாயைத் திறக்கிறேன், சுவர்ப்பக்கமிருந்து அம்மாவின் குரல் வருகிறது.

“வரட்டும். அவரு வரச்சொன்ன புள்ள.”

நீங்கள் போன பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. அதை மறுத்துப் பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

அப்படித்தான் ஈவா வந்தாள். பத்தொன்பது வயது, நம் நிலைப்படியில் இடித்துக்கொள்ளும் உயரம். சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் இறங்கியவள், எழுபது கொண்டை ஊசி வளைவையும் என் செருப்பின் மேல் வாந்தியாக இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு “வணக்கம்” என்றாள். பழக்கடைக்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

முதல் இரண்டு வாரம் என் பாடு பெரும்பாடு. உங்கள் பாரத்தை நம்பி அவள் என்னிடம் மடமடவென்று இங்கிலீஷ் பேசுவாள். எனக்குத் தெரிந்தது எஸ், நோ, கம், ஈட். ஐந்தாவதாக ‘வெயிட்’ கற்றுக்கொண்டேன், அதைத்தான் அதிகம் பயன்படுத்தினேன். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். ஆடு ஏன் கத்துகிறது? மரவள்ளியை ஏன் சாய்த்து நடுகிறீர்கள்? தூறலில் தனியாக நடக்கப் போய்விட்டு, அட்டைப்பூச்சியோடு திரும்பி வந்து அதற்கும் ஏன் என்பாள். எப்படா ஆறு மாதம் முடியும் என்று நாளை எண்ணினேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

ஆனால் வந்த அன்று சாயங்காலமே ஒன்று நடந்தது. களி கிண்டி, கீரை கடைந்து, தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தேன். தொடவில்லை. களி பிடிக்கவில்லை போலிருக்கிறது, இனி இவளுக்குத் தனியாக வேறு ஆக்க வேண்டுமா என்று எனக்குச் சுர்ரென்றது. அவள் பாயில் படுத்திருந்த அம்மாவைக் காட்டி, வயிற்றைத் தொட்டு, தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். அவள் வீட்டில் எல்லாரும் வந்து உட்காராமல் யாரும் சாப்பிடத் தொடங்க மாட்டார்களாம், பின்னால் நசீமா சொல்லித் தெரிந்தது.

“ஏன்டி, அந்தப் புள்ள திங்காம எதுக்கு உக்காந்திருக்குது?” என்றாள் அம்மா.

“நீ வந்து உக்காந்தாத்தான் திங்குமாம்.”

“எனக்குப் பசி இல்லைன்னு சொல்லு.”

சொன்னேன். ஈவா தலையை ஆட்டிவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள். களியில் ஆவி அடங்கிவிட்டது. கடைசியில் அம்மா முனகிக்கொண்டே எழுந்து வந்து உட்கார்ந்தாள். ஈவா ஒரு வாய் எடுத்து, சூயிங் கம் மெல்லுவதுபோல் மென்றாள் பாருங்கள், களி பல்லில் ஒட்டி வாய் திறக்க முடியவில்லை. “கடிக்காத கண்ணு! முழுங்கோணும், முழுங்கு!” என்று அம்மா தானும் ஓர் உருண்டையைக் கீரையில் தோய்த்து விழுங்கிக் காட்டினாள். ஒன்று காட்டினாள், இரண்டு காட்டினாள். காட்டிக் காட்டியே முழுக் களியும் உள்ளே போய்விட்டது. நான் அடுப்படிக்குள் போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. இவள் தட்டோடு உட்காருவாள், அவள் திட்டிக்கொண்டே வருவாள். பிறகு டிவியும் வந்தது. சீரியலில் யார் வந்தாலும் “நல்ல அம்மாவா? கெட்ட அம்மாவா?” என்று ஈவா கேட்பாள். அம்மா அதற்கு மூன்று தலைமுறைக் கதை சொல்வாள். பாதிகூட அவளுக்குப் புரியாது, ஆனாலும் கெட்ட மாமியாரைக் கண்டால் இருவரும் சேர்ந்து திட்டுவார்கள். மார்கழியில் அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. நான் நாளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நசீமா வந்தார். எல்லாம் விசாரித்துவிட்டு, பொங்கலுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். “இந்த வருசம் எங்களுக்கு நோம்பி இல்லைங்களே” என்றேன் சாதாரணமாக. நம் பக்கத்து வழக்கம் அவருக்கும் தெரிந்ததுதான், பொங்கலோடு சேர்த்து யோசிக்கவில்லை போலிருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை எந்தப் பண்டிகையும் இல்லை, பொங்கலும் இல்லை, பலகாரமும் இல்லை, கோயில் குளம் கல்யாணம் எதற்கும் போவதும் இல்லை. ஆனால் அவர் முகம் மாறிவிட்டது.

“பூங்கொடி, தப்பா நெனைக்காதீங்க. பொங்கலப் பாக்கத்தானுங்க அந்தப் புள்ளைய இந்தச் சமயத்துல வரவெச்சோம். இங்க புரட்டாசி வரைக்கும் ஒண்ணும் நடக்காதுன்னா, அது எதைப் பாத்துட்டுப் போகும்? நாமக்கல்ல ஒரு ஊடு இருக்குது. மாடு, கரும்பு, சொந்தக்காரங்க எல்லாம் உண்டு. மிச்ச நாளுக்கு அங்க மாத்திரலாமுங்க.”

என் வாய் சும்மா இருக்குமா? “எங்க துக்கத்தப் பாக்க யாரும் டிக்கெட் எடுத்து வர வேண்டாமுங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க!” என்று வெடித்துவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பொங்கலன்று மத்தியானம் காரோடு வருவதாகவும், மாட்டுப் பொங்கலுக்காவது அவள் நாமக்கல்லில் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா சாப்பிட வரவில்லை. பாய் மறுபடி சுவரோரம் போயிருந்தது. ஈவா தட்டு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். களி கல்லாகிப்போய், கடைசியில் இரண்டு தட்டையும் நான் ஆட்டுக்குக் கொட்டினேன். இந்தப் பெண் போனால் அம்மா மறுபடி பழைய நிலைக்குப் போய்விடுவாள், அதற்குக் காரணம் என் வாயாக இருக்கும்.

மறுநாள் காலையில் மானத்தை மடித்து வைத்துவிட்டு நசீமாவுக்குப் போன் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். நம்ப மாட்டீர்கள், நான்தான் கேட்டேன்.

“எனக்குக் கோவமே இல்லீங்க” என்றார் அவர். “ஆனா ஆபீசுக்கு எழுதோணுமே. உங்க ஊட்லயே இருந்தா அந்தப் புள்ளைக்கு என்ன கெடைக்கும்னு எழுதறது? நீங்களே சொல்லுங்க.”

சாவு வீட்டில் என்ன கிடைக்கும்? யோசிக்கிறேனுங்க என்று வைத்துவிட்டேன்.

போகியன்று ஈவா ஒரு வேலை செய்தாள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா காப்புக் கட்டுவதைப் பார்த்திருக்கிறாள். வேப்பிலையையும் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் சேர்த்துக் கட்டி, கூரையிலும் பட்டியிலும் தோட்டத்திலும் செருகுவார்களே, அதை. ஊரில் எல்லா வீட்டுக் கூரையிலும் காப்பு இருக்கிறது, நம் வீடு மட்டும் மொட்டையாக நிற்கிறது. நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள் மகராசி. நானும் அம்மாவும் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து பார்த்தால், கூரை முழுக்கக் காப்பு. ஆட்டுப்பட்டியில் காப்பு, தண்ணீர்த் தொட்டியில் காப்பு, துணி காயப்போடும் கம்பியில்கூடக் காப்பு. நீங்கள் போனதிலிருந்து சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோமே உங்கள் மொபெட், அதன் சாக்கை எடுத்து மடித்துவைத்துவிட்டு, ஹாண்டில்பாரில் பெரிய கொத்தாக ஒன்று.

“அடப் பாவிப் புள்ளே! எழவு ஊட்ல காப்புக் கட்டலாமா?” என்று பாப்பாத்தி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அலறிவிட்டாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். ஈவாவுக்கு என்ன தப்பு என்று புரியவில்லை, முகம் மட்டும் வெளுத்துவிட்டது. நான் ஓடிப்போய் முதலில் மொபெட்டில் இருந்ததைப் பிய்க்கக் கையை வைத்தேன்.

“தொடாதே” என்றாள் அம்மா.

வாசலில் பழக்கூடையை இறக்கிவைத்தாள். “பொங்கல் வெச்சாத்தான் நோம்பி. காப்பு நோம்பியா? காவலுக்குக் கட்டறது. ஆம்பள இல்லாத ஊடு, ரெண்டு பங்கு காவலா இருக்கட்டும். யாரும் அவுக்காதீங்க.”

அப்புறம் நேராக உங்கள் வண்டிக்கிட்டே போனாள். ஈவா போட்ட முடிச்சு தொளதொளவென்று இருந்தது. அதை அவிழ்த்து, கொத்தைச் சேர்த்துப் பிடித்து, இறுக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே அழுதாள். சாவன்றைக்குக்கூட வாய்விட்டு அழாதவள், ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஈவா பக்கத்தில் போய், “சாரி அம்மா, சாரி” என்றாள். “நீ என்ன பண்ணுவ சாமி, நீ நல்லாத்தான் பண்ணியிருக்கற” என்று அவள் கன்னத்தைத் தடவினாள் அம்மா. பாப்பாத்தி அக்காவும் மூக்கைச் சிந்திக்கொண்டே, வேப்பிலை போதவில்லை என்று இன்னும் இரண்டு கொத்து ஒடித்துக்கொண்டு வந்து தந்தாள்.

மறுநாள் பொங்கல். நம் அடுப்பில் பால் பொங்கவில்லை. ஆனால் உங்களுக்கு இந்த வழக்கம் மறந்திருக்காது. நோம்பி இல்லாத வீட்டுக்கு ஊர்தான் பொங்க வேண்டும். நீங்களே எத்தனை வீட்டுக்குப் பொங்கல் நிறைத்த தூக்குப்போசியோடு போயிருக்கிறீர்கள்! கொண்டு வந்தவர் வாசலோடு திரும்பக் கூடாது, உள்ளே வந்து அந்த வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் போக வேண்டும்.

பத்து மணிக்கு முதல் போசி வந்தது. அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், சாமையில் ஒன்று, அன்னாசிப்பழம் போட்டுப் புதுமையாக ஒன்று. பதினான்கு வீட்டுப் பொங்கல், அப்பா! இருக்கிற தட்டெல்லாம் தீர்ந்து வாழை இலை அறுத்தேன். ஈவா எல்லாவற்றையும் ருசி பார்த்து நோட்டில் மார்க் வேறு போட்டாள். அதை எட்டிப் பார்த்த பெண்களுக்குள் சண்டை மூண்டுவிட்டது. அடிப்பிடித்த பாப்பாத்தி அக்காவின் பொங்கலுக்கு முதல் மார்க். அந்தத் தீய்ந்த வாசம்தான் பிடித்ததாம்! அக்கா அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

மத்தியானம் நசீமா வந்தபோது வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்.

“நோம்பி இல்லைன்னு சொன்னீங்களே பூங்கொடி?”

“இல்லைங்க. நோம்பி ஊருக்கு. நாங்க சும்மா உக்காந்திருக்கறோம்.”

அவரையும் இழுத்து உட்காரவைத்தாள் அம்மா. மூன்று வீட்டுப் பொங்கலுக்கு மேல் அவரால் முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு ஈவாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் மூச்சுவிடாமல் பேசினாள். நான் எச்சில் இலைகளை மடித்துக்கொண்டே நின்றேன்.

“மாட்டுப் பொங்கல் பாக்க நாளைக்கு நாமக்கல் வருதாம்” என்றார் நசீமா. எனக்கு உயிரே போய்விட்டது. “ஆனா சாயங்காலச் சோத்துக்கு இங்க கொண்டாந்து விட்றோணுமாம். அது வராட்டி அம்மா சாப்பிட மாட்டாங்கன்னு சொல்லுது.” சிரித்துவிட்டு, “ஆபீசுக்கு என்ன எழுதறதுன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சுங்க” என்றார்.

ஆனால் ஒரு சிக்கல். பழைய பாரம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதில் அவளை வைத்திருக்க முடியாது. பையிலிருந்து புதுப் பாரம் ஒன்றை எடுத்தார். நான் பேனாவை வாங்கினேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நான் சொல்றேன், நீ எழுது” என்றாள்.

குடும்பத் தலைவர் பெயர்? “பாவாயி” என்றாள். அம்மாவின் பெயரை அம்மா வாயால் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! தொழில்? “வெவசாயம்.” அடுத்த கேள்வி, வீட்டில் எத்தனை பேர்? என் பேனா நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களையும் சேர்த்து மூன்று என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். இரண்டு என்று சொல்வாளோ என்று அதைவிடப் பயந்தேன்.

“மூணு” என்றாள் அம்மா.

பொங்கல் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நசீமா மெல்ல, “அம்மா, ஐயா வந்து...” என்று இழுத்தார்.

“அவரு போயிட்டாருங்க. எனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா. “நானு, பூங்கொடி, இந்தப் புள்ள. மூணு பேரு. எழுதுடி.”

எழுதினேன், அப்பா. கை நடுங்கியது, ஆனாலும் அழகாகவே எழுதினேன்.

சித்திரை முடியும்போது ஈவா ஊருக்குப் போய்விடுவாள். அதை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவள் போன மறுநாளிலிருந்து, களியைத் தட்டில் போட்டுவிட்டு, அம்மா வந்து உட்காரும்வரை நான் தொடாமல் காத்திருப்பேன். எவ்வளவு பசித்தாலும், அவள் எவ்வளவு திட்டினாலும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் காத்திருப்பேன். இது சத்தியம்.

வம்பிழுக்க நீங்கள் இல்லாமல் பாதிச் சண்டை மிச்சம் வைத்திருக்கும் உங்கள் ஒரே மகள்,
பாவாயி வீட்டுப் பூங்கொடி